ஒரு கண்ணுக்குக் கருமாதி

என் தம்பிக்கு உருப்படியாக இருந்தது ஒரே கண். இடது கண் பிறவியிலேயே மங்கல். அதில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அவன் பிடித்த வேலை, நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை. ஈஜோக் பக்கத்தில் சின்னத் தோட்டக்காரர்களுக்கு, எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலை வெட்டிக் கொடுப்பான். நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை மட்டைக்கு மேலே கொடுத்து இழுத்தால், குலை விழுவதற்கு முன்னால் தூசும் நாரும் பூச்சியும் முகத்தில் கொட்டும். கண்ணாடி போடுடா என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். வேர்வையில் மங்கிப்போகிறதாம். நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி அவன் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டே தோட்டத்துக்குப் போய்வந்தது.

அம்மாவும் அவனும் புக்கிட் ரோத்தானில் ஒரு மலிவு விலை வீட்டில் இருந்தார்கள். அப்பா வேலை செய்த எஸ்டேட்டை முதலாளி விற்றபிறகு அவர் வாங்கிய வீடு அது. அப்பா இல்லாமல் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ரவாங்கில் குடும்பமாக இருக்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கிற பிரிவு. "அக்காவுக்கு ஓட்டை கண்டுபிடிக்கத்தான் சம்பளம்" என்று தம்பி கிண்டலடிப்பான். ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள்தான், ஆனால் என் வீட்டு ஓட்டை மட்டும் எப்போதும் காலம் கடந்துதான் கண்ணில் பட்டது.

ஒருநாள் மட்டை நார் ஒன்று அவன் வலது கண்ணில் குத்தியது. சட்டையால் கசக்கித் துடைத்துவிட்டு அன்றைய வெட்டை முடித்துத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் தன் கண்ணுக்குப் போட்டு மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தார். சிவப்பு இறங்கியது, வலி குறைந்தது, இவனும் மறுபடி தோட்டத்துக்குப் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது கருவிழியின் நடுவில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டதுபோல ஒரு வெள்ளை இருந்தது. "இது என்னாடா?" என்றேன். "தூசி லா" என்றான். அப்படியே காதைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றினேன்.

காளான் தொற்று என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். பக்கத்து வீட்டு மருந்து அந்தக் காளானுக்குத் தீனி போட்டதுபோல ஆகியிருந்தது. மாதக்கணக்கில் மருந்து விட்டுத் தொற்றை அடக்கினார்கள். ஆனால் கண்ணின் முன்பக்கம் முழுக்க வெள்ளையாகத் தழும்பேறிவிட்டது. எங்கள் டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி, பொறுமைசாலி. உள்ளே கண் நன்றாகத்தான் இருக்கிறது, முன்னால் உள்ள படலம்தான் கெட்டுப்போயிற்று, அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்துத் தைக்கலாம் என்றார். வேறொன்று எங்கிருந்து வரும் என்று அம்மா கேட்டாள். இறந்துபோன ஒருவரிடமிருந்து என்றார் டாக்டர். இங்கே கொடுப்பவர்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விமானத்தில்தான் வரவேண்டும், அதனால் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். எத்தனை ஜோடி கண்களுக்கு நெய்ப்பந்தம் காட்டி, வாய்க்கரிசி போட்டு, எரிக்க அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது இதை யோசித்ததுண்டா? இப்போது என் தம்பிக்கு வேண்டும் என்றவுடன், முகம் தெரியாத நாட்டில் முகம் தெரியாத யாராவது சாகவேண்டும் என்று காத்திருக்கிறேன். கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் விழித்தேன். கண் கிடைக்கவேண்டும் என்று வேண்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேல் அவன் வீட்டிலேயே கிடந்தான். அம்மா பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவிக் குடும்பத்தை ஓட்டினாள். கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். அவன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, எதிரில் நின்ற அம்மாவையே பார்த்தான். பிறகு, "என்னாம்மா, இப்டி நரைச்சுப் போச்சு?" என்றான். அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய் நன்றாக அழுதேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுதது கிடையாது.

வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி, தமிழ்ப் பிள்ளை, எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். கண்ணைக் கசக்கக்கூடாது. குனிந்து பாரம் தூக்கக்கூடாது. தூங்கும்போது மூடி போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணில் தண்ணீர் படவே கூடாது. "தையல் தலைமுடியவிட மெல்லிசா இருக்கும்ண்ணே. குழாத் தண்ணிகூட படக்கூடாது, தலைக்கு ஊத்தவே கூடாது, சரியா?" என்றாள். சரி என்று தலையாட்டினான். வார இறுதியில் நான் போய், சலூன்காரர் மாதிரி அவனை நாற்காலியில் பின்னுக்குச் சாய்த்து, நெற்றியில் துண்டைக் கட்டி, ஒரு சொட்டு முன்னால் வராமல் தலையைக் கழுவிவிடுவேன். இந்த வேலையில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று எனக்குக் கர்வம்கூட இருந்தது.

அவனுக்கோ வேறு கவலை. முதல் நாளிலிருந்தே, யாருடைய கண், ஆணா பெண்ணா, என்ன வயது என்று மிஸ்ஸியை அரித்தெடுத்தான். சொல்லக்கூடாது, எங்களுக்கும் தெரியாது என்று அவள் கை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து காரில் திரும்பும்போது அவன் பேச்சை ஆரம்பித்தான்.

"அக்கா, அங்க அவங்க வீட்ல ஒடம்புக்குச் சடங்கு செஞ்சிருப்பாங்க. கண்ணு இங்கல்ல இருக்கு? கண்ணுக்கு யாரு செய்வா?"

"கண்ணு உசுரோட இருக்குடா. உசுரோட இருக்கறதுக்கு எவனாச்சும் கருமாதி வைப்பானா?"

"அது எனக்கு உசுரு. அவங்களுக்குச் சாவுதானே."

"அவங்க கிறிஸ்தவங்களோ, என்னாவோ. நீ சும்மா இரு."

"அப்பாவுக்குச் செஞ்சேன்ல. அதுல பாதியாச்சும் இவங்களுக்குச் செய்ய வேணாமா?"

நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கடந்துபோன கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தான். வாசிக்கிற குஷியில் விஷயத்தை மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வேலை நாளில் எனக்கு ஷிப்ட் மாறி, மத்தியானமே விட்டுவிட்டார்கள். நேரே அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வடை வாசம் அடித்தது. முன்வேலிக் கம்பியில் ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. அதன் கரையில் சேறு. உள்ளே தம்பி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாழை இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நெற்றி நிறைய விபூதி. தலை ஈரம். அந்த ஈரத் தலையைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன்.

"யாருடா செத்தா?"

"நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல லா," என்றான் அமைதியாக. "கண்ணு குடுத்தவங்களுக்கு இன்னிக்குப் பதினாறு."

இறந்த நாள் தெரியாததால் கண் வந்த நாளையே கணக்காக வைத்திருக்கிறான். சாவுச் சடங்கு செய்கிற கோயில் பண்டாரத்தைப் பிடித்திருக்கிறான். பேர் தெரியாமல் எப்படிப் பிண்டம் வைப்பது என்று அவர் முதலில் மறுத்தாராம். "கண்ணு குடுத்தவங்கன்னே சொல்லுங்க சாமி" என்றிருக்கிறான் இவன். அவரும் மனமிளகி, விடிந்ததும் குவாலா சிலாங்கூர் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிண்டத்தை ஆற்றில் விட்டு, அப்பாவுக்குச் செய்தபடியே மூன்று தரம் தலை முழுகியிருக்கிறான். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வருகிற நேரம். அந்த ஆறு அப்போது தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும்.

"கண்ண இறுக்கமா மூடிக்கிட்டுத்தான்கா முழுவுனேன்."

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் வடை சுட்டவள். அவள்தான் எனக்குச் சொல்லவேண்டாம் என்றவள். அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்கு அக்கம்பக்கத்து நாய்களெல்லாம் குரைத்தன. அவன் இலையைப் பிடுங்கி வெளியே வீசினேன். மூடர்கள் என்றேன், கொலைகாரர்கள் என்றேன், வாயில் வராத வார்த்தை இல்லை. தம்பி எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நல்லாத்தானே தெரியிது, பாரு," என்று காலண்டரில் இருந்த சின்ன எழுத்தைத் தூரத்திலிருந்தே வாசித்துக் காட்டினான். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். சில நாள் ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஜெயித்துவிட்ட சிரிப்பு ஒன்று சிரிப்பான்.

பிறகு ஒரு விடியற்காலை அம்மா போன் செய்தாள். கண் சிவந்து, தண்ணீராகக் கொட்டுகிறது, வெளிச்சம் பட்டால் துடிக்கிறான் என்றாள். நான் அதற்குள்ளாகவே கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

டாக்டர் கருவியில் அவன் தலையை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, தண்ணீர் பட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றான். எங்கே? ஆற்றில். ஆற்றுக்கு ஏன் போனாய்? தம்பி எல்லோரையும்போல மலாய் நன்றாகப் பேசுவான், ஆனால் அந்த இடத்தில் திணறினான். கடைசியில், "கெண்டுரி" என்றான். மலாய்க்காரர்கள் செத்தவர்களுக்காகச் சமைத்து, ஓதி, ஊரைக் கூப்பிட்டுப் போடுகிற சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். யாருக்கு என்று கேட்டார் டாக்டர். அவன் தன் கண்ணைக் காட்டினான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். யாராவது எனக்காக அவனைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்குத் தைத்திருக்கிறேன், கொடுத்தவருக்காக இப்படிச் செய்த ஒருவரைப் பார்த்ததில்லை என்றார். அதன்பிறகு உடனே அவனை வார்டில் சேர்க்கச் சொன்னார்.

அன்றைக்கு என் கோபத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. அவன் குடித்துவிட்டு விழுந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தால், வாழ்நாள் முழுக்கத் திட்டித் தீர்த்திருப்பேன். நன்றி சொல்லப் போய்க் கெடுத்துக்கொண்டவனை என்ன சொல்லித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன். மனசுக்குள் இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொற்று தையல் வழியாக உள்ளே இறங்கிவிட்டது. வைத்த படலம் வெளுத்து, பிறகு உருகியது. மேலும் இரண்டு தடவை அறுவை செய்து பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் எங்களை உட்காரவைத்து, இனி இந்தக் கண்ணில் எதை வைத்தாலும் பார்வை வராது, உள்ளேயே கெட்டுவிட்டது என்றார். அம்மாதான் கேட்டாள்.

"எங் கண்ணுல ஒண்ண எடுத்து வச்சாலும் ஆவாதா டோக்டர்? எனக்கு ஒண்ணு போதும்."

உயிரோடு இருப்பவரிடமிருந்து எடுக்க முடியாது என்றும், எடுத்தாலும் இவனுக்குப் பயன்படாது என்றும் டாக்டர் மெதுவாகச் சொன்னார். அம்மா விடவில்லை.

"அப்ப நா செத்தா எடுப்பீங்களா? இவனுக்கு வேணாம். வேற யாருக்காச்சும்."

"வாய மூடும்மா," என்றேன்.

அவள் மூடவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் அதே பேச்சு. நெத்திலிக்குத் தலை கிள்ளும்போது, துணி மடிக்கும்போது, நாடகம் பார்க்கும்போது நடுவில், இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அது ஒரு ஆளோட கண்ணும்மா. எங்கிருந்தோ நம்ம வீட்டுக்கு வந்து வீணாப் போச்சு. நாந்தான் வடை சுட்டேன். திருப்பிக் குடுக்க வேணாமா?" வடையை அவள் மறக்கவே இல்லை. அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் வடை சுட்டதில்லை.

தம்பிக்கு இடது கண்ணில் தெரிகிற வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்வான். அரிவாள் கட்டிய கம்பை யாரோ ஒரு வங்காளதேசப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். கைப்பிடியில் தொங்கிய கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்து, போட்டுக்கொள்ளவேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கினானாம்.

அம்மா இறந்தது ஒரு மத்தியான நேரத்தில். கேண்டீனிலிருந்து வந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தவள்தான். கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் ரவாங்கிலிருந்து வந்து சேர்ந்தபோது சித்தப்பா குடும்பம் வந்திருந்தது, பந்தல்காரன் வந்திருந்தான். அம்மாவை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அழக்கூட நேரமில்லை என்று எனக்குத் தெரியும். நேரம் போகப் போகக் கண் கெட்டுவிடும். ஆனால் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. சித்தப்பாவுக்குப் பயப்படவில்லை, தம்பிக்குத்தான் பயந்தேன். கண்ணுக்குத் தனியாகச் சடங்கு வேண்டும் என்று நம்புகிறவன், அம்மா கண்ணை எங்கோ அனுப்பச் சம்மதிப்பானா? கொள்ளி வைக்கிற பிள்ளை வேண்டாம் என்றுவிட்டால் அம்மாவின் ஒரே ஆசை அவளோடு எரிந்துபோகும். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதோடு சொன்னேன்.

"தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுட்டேன். வந்துகிட்டு இருக்காங்க," என்றான்.

சித்தப்பாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "முழுசா அனுப்ப வேணாமாடா உங்கம்மாவ? அங்க போயி உங்கப்பன எப்டிக் கண்டுபுடிப்பா?" என்று சத்தம் போட்டார்.

"அப்பா கண்டுபுடிப்பாரு சித்தப்பா. அவருக்கு ரெண்டு கண்ணும் இருக்கு," என்றான் தம்பி.

போனில் சொன்னபடி எல்லாம் செய்து வைத்திருந்தான். அம்மா தலைக்குக் கீழே இரண்டு தலையணை. மூடிய இமை மேல் நனைத்த பஞ்சு. கண் காய்ந்துவிடும் என்று அந்த வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டான். வந்த ஜனமெல்லாம் விசிறிக்கொண்டு முணுமுணுத்தது. அவன் மட்டும் பஞ்சு காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். காய்ந்தால் நனைத்து வைப்பான். அம்மாவின் இமைகளை அவ்வளவு நேரம் யாரும் தொட்டுக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மலாய் இளைஞரும் ஒரு சீனப் பெண்ணும் வந்தார்கள். எங்களை வெளியே அனுப்பி கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். திறந்தபோது அம்மா எப்போதும்போலத் தூங்குகிற முகத்தோடுதான் இருந்தாள். சித்தப்பாகூடக் குனிந்து பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். அந்த இளைஞர் கையில் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற பெட்டி மாதிரி சின்னதாக ஒன்று. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவரைத் தம்பி குரலை வைத்துக் கண்டுபிடித்து, சுவரைத் தடவிக்கொண்டே போய் முழங்கையைப் பிடித்தான்.

மலாயில்தான் பேசினான். இது யாருக்குப் போகும் என்று கேட்கவில்லை. "இது போற ஆளுங்க எங்கள மாதிரி இந்துவா இருந்தா, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான். "எங்கம்மாவுக்குன்னு கெண்டுரி எதுவும் செய்ய வேணாம். ஆத்துக்குப் போவ வேணாம். தலைக்கு ஊத்த வேணாம். ஒடம்புக்கும் கண்ணுக்கும் சேத்து இங்க நானே செஞ்சிர்றேன். அவங்க தண்ணி படாமப் பாத்துக்கிட்டா போதும்."

அந்த இளைஞருக்கு என்ன புரிந்ததோ, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்து, சொல்கிறேன் என்றார். அவர்கள் வண்டி தெரு முனை திரும்புகிற சத்தம் அடங்கும்வரை தம்பி அங்கேயே நின்றான். பிறகு நான் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"இந்தத் தடவ ஆத்துக்கு நீயும் வாக்கா," என்றான். "எனக்கு இனிமே தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாது."